கரண்ட் போனப்பவா, வந்தப்பவா? இடிமழையில் பலியாகும் சவுண்ட் செட்டுகளின் கதை

இடிமழை ஓய்ந்த மறுநாள் காலையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் எந்த டி.வி. மெக்கானிக் கடை வாசலிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஒருவர் பைக்கில் ஹோம் தியேட்டர் பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு வருவார். ஆட்டோவிலிருந்து ஓர் அம்மா சவுண்ட்பாரோடு இறங்குவார். எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம்தான்: “நேத்து இடி இடிச்சதுல போயிடுச்சுண்ணே.”

அனுபவப்பட்ட மெக்கானிக் உடனே ஸ்குரூ டிரைவரைத் தேட மாட்டார். முதலில் ஒரு கேள்வி கேட்பார். “கரண்ட் போனப்ப போச்சா, வந்தப்ப போச்சா?”

பெட்டியைத் திறக்காமலேயே பாதி நோயைச் சொல்லிவிடும் கேள்வி அது. ஏனென்றால், இடி இடித்த இரவில் செத்துப்போகும் எல்லா செட்டையும் மின்னல் கொல்வதில்லை. பல நேரங்களில் கொலையாளி வானத்தில் இல்லை, தெருமுனை பில்லர் பாக்ஸில் இருக்கிறது.

வடசென்னையில் சவுண்ட் செட் என்பது வரவேற்பறையில் அழகுக்கு வைக்கும் சாமான் அல்ல. கானா பிறந்து வளர்ந்த மண் இது. துறைமுகத்துக்கு எதிரே ராஜாஜி சாலையில், பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களின் பிழைப்புக்காக உருவான பர்மா பஜாரில்தான் ஒரு தலைமுறை தன் முதல் ‘ஃபாரின் செட்’டைப் பார்த்தது. இன்று அந்த இடத்தில் மாதத் தவணைக்கு வாங்கிய சவுண்ட்பாரும் புளூடூத் ஊஃபரும் வந்திருக்கின்றன. தவணை முடிவதற்குள் செட் முடிந்துபோனால் வலிக்கத்தான் செய்யும்.

மின்னல் வரும் வழிகள்

மின்னலால் ஆடியோ செட் கெடுமா? கெடும். சந்தேகமே வேண்டாம். சராசரி மின்னல் ஒன்றில் பாயும் மின்னோட்டம் சுமார் 30,000 ஆம்பியர். ஒரு சாதாரண ப்ளக் பாயின்ட்டின் திறன் 6 ஆம்பியர். “சுவிட்சை ஆஃப் பண்ணித்தானே வெச்சிருந்தோம்?” என்று பலர் ஆதங்கப்படுவது நியாயம்தான். ஆனால், மேகத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் காற்றைப் பிளந்துகொண்டு இறங்கிய மின்சாரத்துக்கு, சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி ஒரு பொருட்டே அல்ல. தவிர, நம் வீட்டு ப்ளக் பாயின்ட் சுவிட்ச் ஃபேஸ் கம்பியை மட்டும்தான் துண்டிக்கிறது. நியூட்ரலும் எர்த்தும் செட்டோடு இணைந்தபடியேதான் இருக்கின்றன.

மின்னல் உங்கள் வீட்டின் மேலேயே விழ வேண்டும் என்பதும் இல்லை. அப்படி நேரடியாக விழுவது அபூர்வம். சில நூறு மீட்டர் தள்ளி ஒரு தென்னைமரத்திலோ துறைமுகத்துக் கிரேனிலோ கன்டெய்னர் யார்டு விளக்குக் கம்பத்திலோ விழுந்தாலும், அந்தக் கணத்தில் உண்டாகும் மின்காந்தப் புலம் அக்கம்பக்கத்தில் நீளமாக ஓடும் ஒவ்வொரு கம்பியிலும் ஓர் அதிர்ச்சி அலையைக் கிளப்பிவிடும். அது வோல்டேஜை மைக்ரோ செகண்டுகளில் ஆயிரக்கணக்கில் ஏற்றி இறக்கிவிட்டுப் போய்விடும். எம்.சி.பி. அசைவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ராயபுரம் போன்ற பழைய நகரப் பகுதிகளில் தெரு மின்சாரம் பெரும்பாலும் நிலத்தடிக் கேபிளில் வருவதால் இந்த ஆபத்து கொஞ்சம் குறைவு. 2011ல் மாநகராட்சியோடு சேர்ந்த திருவொற்றியூர், கத்திவாக்கம் பக்கங்களில் தலைக்கு மேல் கம்பிகள் நிறைய. அவற்றை நிலத்தடிக்கு மாற்றும் வேலை கட்டம் கட்டமாகத்தான் நடக்கிறது. ஆனால், ஒரு கம்பி மட்டும் எல்லாத் தெருவிலும் ஆகாயத்தில்தான் போகிறது. மொட்டைமாடிக்கு மொட்டைமாடி தாவும் கேபிள் டி.வி. வயர்! செம்புக் கம்பியில் வரும் இன்டர்நெட் வயரையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

பலர் கவனிக்கத் தவறும் வழி இது. கேபிள் வயரில் ஏறிய அதிர்ச்சி செட்டாப் பாக்ஸுக்குள் நுழையும். அங்கிருந்து ஹெச்.டி.எம்.ஐ. வயர் வழியாக டி.வி.க்கும், டி.வி.யிலிருந்து இன்னொரு ஹெச்.டி.எம்.ஐ. வயர் வழியாக சவுண்ட்பாருக்கும் போகும். பவர் ப்ளக்கைப் பிடுங்கி வைத்திருந்தும்கூட “புளூடூத்ல பாடுது, டி.வி. சவுண்டு மட்டும் வரலை” என்று ஒரு செட் கடைக்கு வருகிறதென்றால், பெரும்பாலும் இந்தப் பின்வாசல் வழியாகத்தான் திருடன் வந்திருப்பான். இதைத் தடுக்க ஒரு சுலபமான ஏற்பாடு உண்டு. டி.வி.யையும் சவுண்ட்பாரையும் ஆப்டிகல் கேபிளால் இணைக்கலாம். அதில் போவது வெறும் வெளிச்சம். எந்த மின்னலும் அதன் வழியே நடக்க முடியாது. பல டி.வி.க்களின் பின்புறத்தில் இதற்கென்று சின்னச் சதுர ஓட்டை இருக்கிறது. தூசி படிந்து கிடக்கும், அவ்வளவுதான்.

அடுக்குமாடியில் இடிதாங்கி இருந்தால் கவலை இல்லை என்று நினைப்பவர்களும் உண்டு. இடிதாங்கியின் வேலை கட்டடத்தையும் அதில் உள்ளவர்களையும் காப்பது. மின்னல் அதன் வழியாக இறங்கும்போது பக்கத்துச் சுவருக்குள் ஓடும் வயர்களில் அதிர்ச்சி கிளம்புவதை அதனால் தடுக்க முடியாது. கோபுரக் கலசம்தான் ஊருக்கே இடிதாங்கி என்று அடிக்கடி சுற்றிவரும் வாட்ஸ்அப் தகவலுக்கும் இதே அறிவியல்தான் பதில். கலசத்திலிருந்து தடையில்லாமல் ஓர் உலோகப் பட்டை இறங்கி மண்ணுக்குள் புதைந்திருந்தால்தான் அது இடிதாங்கி. உயரம் மட்டும் போதாது.

நியூட்ரல் என்கிற நடுவர்

இனி, ‘கரண்ட் வந்தப்ப’ போன செட்டுகளின் கதை. வடசென்னைக்காரர்கள் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

தெருவுக்கு வரும் மின்சாரம் மூன்று ஃபேஸ்களாக வருகிறது. சிங்கிள் ஃபேஸ் வீடுகளுக்கு அதில் ஒன்று கிடைக்கும். உங்களுக்கு ஒரு ஃபேஸ், பக்கத்து வீட்டுக்கு வேறொரு ஃபேஸ். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். ஆனால், ஒரு ஃபேஸுக்கும் இன்னொரு ஃபேஸுக்கும் இடையே 400 வோல்ட் இருக்கிறது. இந்த 400 நம் வீட்டுக்குள் வராமல் காவல் காப்பது எல்லோருக்கும் பொதுவான அந்த ஒற்றை நியூட்ரல் கம்பி.

கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் நடுவில் ஒரு முளைக்குச்சி அடித்துக் கட்டியிருந்தால், இந்தப் பக்கம் இழுப்பவரின் பலம் அந்தப் பக்கத்தவரை ஒன்றும் செய்யாது. நியூட்ரல்தான் அந்த முளைக்குச்சி. பில்லர் பாக்ஸில் துரு ஏறியோ, ஜாயின்ட் எரிந்தோ, காற்றில் கம்பி அறுந்தோ நியூட்ரல் விட்டுப்போனால், இரண்டு வீடுகளும் ஒரே கயிற்றில் மாட்டிக்கொள்ளும். 400 வோல்ட்டை இரண்டும் பங்கு போட வேண்டும். அந்தப் பங்கீடு ரொம்ப அநியாயமானது. ஏ.சி.யும் அயர்ன் பாக்ஸும் ஓடும் வீட்டுக்குக் குறைந்த வோல்டேஜ் கிடைக்கும். ஒரு ஃபேனும் சவுண்ட் செட்டும் மட்டும் ஓடும் வீட்டின் தலையில் 300, 350 என்று மிச்சம் அத்தனையும் வந்து விழும். குறைவாகக் கரண்ட் பயன்படுத்துகிற வீட்டுக்குத்தான் சேதம் அதிகம்.

செட்டுக்குள் என்ன ஆகிறது? இன்றைய சவுண்ட்பார், ஹோம் தியேட்டர்களில் இருப்பது எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளை. அது 230 வோல்ட் ஏ.சி.யை முதலில் சுமார் 325 வோல்ட் டி.சி.யாக்கி ஒரு பெரிய கெப்பாசிட்டரில் சேமிக்கிறது. அந்தக் கெப்பாசிட்டரின் மேல் 400 வோல்ட் அல்லது 450 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். வீட்டுக்குள் வருவது 350 வோல்ட்டானால், கெப்பாசிட்டரில் ஏறுவது 495. தலை உப்பும். அப்புறம் ‘படார்’. வீட்டில் கேட்கும் அந்தச் சத்தத்தைத்தான் பலர் ‘உள்ளே இடி விழுந்தது’ என்று சொல்கிறார்கள்.

பழைய கனமான டிரான்ஸ்ஃபார்மர் ஆம்ப்ளிஃபயர்கள் நொடிக்கும் குறைவான அதிர்ச்சியை இதைவிட நன்றாகவே தாங்கும். இரும்பும் செம்புச் சுற்றும் கொஞ்சம் பொறுமைசாலிகள். ஆனால், ஹை வோல்டேஜ் நிமிடக் கணக்கில் நீடித்தால் அவற்றுக்கும் காயில் கருகும் வாசனை வந்துவிடும்.

முன்பெல்லாம் வீட்டில் குண்டு பல்பு இருந்தது. வோல்டேஜ் ஏறினால் அது கண்ணைப் பறிக்கும். பாட்டிகூட “ஹை வோல்டேஜ் வருது, டி.வி.யைப் பிடுங்கு” என்பார். இப்போது எல்.இ.டி. பல்பு. 150 வோல்ட் வந்தாலும் 270 வோல்ட் வந்தாலும் பெரும்பாலான எல்.இ.டி. பல்புகள் ஒரே மாதிரி எரியும். கரண்ட் பில்லைக் குறைத்த அதே பல்பு, வீட்டிலிருந்த இலவச எச்சரிக்கை மணியையும் கழற்றிவிட்டது. இன்று அந்த வேலையைச் செய்வது பழைய மாடல் ஃபேன் ஒன்றுதான். ரெகுலேட்டரைத் தொடாமலேயே அது வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றினால் எழுந்துபோய் மெயினை அணைப்பது நல்லது. ப்ளக்கில் செருகி வோல்டேஜ் பார்க்கும் டிஜிட்டல் மீட்டர்களும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன.

உப்பும் சாம்பலும்

எண்ணூர் வட்டாரம் நகருக்கே மின்சாரம் கொடுத்த இடம். 1970ல் உற்பத்தியைத் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017ல் மூடப்பட்டது. வடசென்னை அனல் மின் நிலையமும் வல்லூர் அனல் மின் நிலையமும் இப்போதும் இயங்குகின்றன. அந்த மின்சாரம் பிறக்கும் இடத்திலேயே அதன் தரம் தடுமாறுவதற்குக் கடலும் ஒரு காரணம்.

கடல்காற்று கொண்டுவரும் உப்பு, கம்பங்களின் பீங்கான் இன்சுலேட்டர்கள் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. அனல் மின் நிலையச் சாம்பலும் தொழிற்சாலைத் தூசியும் அதன் மேல் ஒட்டிக்கொள்கின்றன. காய்ந்திருக்கும் வரை பிரச்னை இல்லை. விடியற்காலைப் பனியோ முதல் தூறலோ பட்டு ஈரமானதும் அந்தப் படலமே மின்சாரம் கசியும் பாதையாகிவிடும். சில நேரம் நீல நிறத்தில் பொறி பறந்து லைன் ட்ரிப் ஆகும். பெருமழை நன்றாகப் பெய்து கழுவிவிட்டால் சரியாகிவிடும் என்பதால்தான், மழை ஆரம்பிக்கும்போது போகும் கரண்ட் மழை வலுத்தபின் நிற்கிற விந்தையும் நடக்கிறது. கடலோரங்களில் பீங்கானுக்குப் பதிலாகப் பாலிமர் இன்சுலேட்டர்களை மாட்டுவது இதற்காகத்தான். அவற்றில் தண்ணீர் எளிதில் படலமாகப் படியாது.

லைன் ட்ரிப் ஆவதும், திரும்பக் கொடுப்பதும், மறுபடி போவதும் என்று நாலைந்து முறை நடக்கும்போது ஒவ்வொரு முறையும் சின்னச் சின்ன அதிர்ச்சிகள் வீட்டுக்குள் வருகின்றன. கரண்ட் வந்தவுடன் தெருவில் உள்ள அத்தனை ஃபிரிட்ஜும் ஏ.சி.யும் மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும். வோல்டேஜ் விழுந்து எழும். 2024 செப்டம்பர் 12 இரவு மணலி துணை மின் நிலையக் கோளாறால் சென்னையின் பல பகுதிகள் இருளில் மூழ்கினவே, அதுபோன்ற இரவுகளில் ஊருக்குக் கரண்ட் திரும்பும் அந்த முதல் பத்து நிமிடம் செட்டுகளுக்கு ஆகாத நேரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் தேங்கிய தெருக்களில் பாதுகாப்புக்காகவே மின்சாரத்தை நிறுத்தி வைத்தார்கள். தண்ணீரில் ஊறிய பில்லர் பாக்ஸுகள் மறுபடி உயிர்பெறும்போது, ப்ளக்கைப் பிடுங்கி வைத்திருந்த வீடுகளுக்குக் கவலை இல்லை.

‘உம்ம்’ சத்தமும் உடைந்த எர்த் பின்னும்

அதே உப்பு மண்ணுக்குள்ளும் வேலை செய்கிறது. எர்த்துக்காகப் புதைத்த ஜி.ஐ. குழாய் சில ஆண்டுகளில் அரித்துப்போகும். பழைய வீடுகளில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். இரும்புக் குழாயை எடுத்துவிட்டு பி.வி.சி. குழாய் போட்ட அன்றே அந்த வீட்டின் எர்த் காணாமல் போயிருக்கும். சுவரில் மூன்று ஓட்டை இருப்பதால் எர்த் இருப்பதாக நம்பிக்கொண்டிருப்போம்.

ஆடியோ பிரியர்கள் தங்கள் கையாலேயே செய்யும் தவறு ஒன்றும் உண்டு. ஆம்ப்ளிஃபயரையும் டி.வி.யையும் இணைத்ததும் ஸ்பீக்கரில் ‘உம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் வரும். இரண்டு சாதனங்களின் எர்த்தும் வேறு வேறு பாதையில் இணைந்து ஒரு வளையம் உண்டாவதால் வரும் சத்தம் அது. யாரோ ஒருவர் சொல்வார், “எர்த் பின்னை உடைச்சு விட்டுடு, நின்னுடும்.” உண்மையிலேயே நின்றுவிடும். ஆனால், அதற்கப்புறம் பவர் சப்ளையில் எப்போது கசிவு ஏற்பட்டாலும், ஆம்ப்ளிஃபயரின் உலோக உடம்பும் மைக்கின் தலையும் லைவ் ஆகிவிடும். ஈரக் காலோடு தரையில் நின்று மைக்கைப் பிடிப்பவரின் உடம்புதான் அப்போது எர்த். 1972ல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகர மேடையில், ‘ஸ்டோன் த க்ரோஸ்’ குழுவின் கிடார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மைக்கைத் தொட்ட நொடியில் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து ‘யார்ட்பேர்ட்ஸ்’ குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப், எர்த் சரியில்லாத எலெக்ட்ரிக் கிடாரால் தன் வீட்டிலேயே உயிரிழந்தார். மேடையாக இருந்தாலும் வீடாக இருந்தாலும் மின்சாரத்துக்கு ஒன்றுதான்.

இரைச்சலை நிறுத்த வேறு வழி இருக்கிறது. எல்லாச் சாதனங்களையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகலாம். முன்பே சொன்ன ஆப்டிகல் கேபிளைப் போடலாம். எர்த் பின் அதன் இடத்திலேயே இருக்கட்டும். எலெக்ட்ரீஷியனை அழைத்து, எர்த் எத்தனை ஓம் காட்டுகிறது என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குக் கீழே இருந்தால் நல்லது என்பது பொதுவான கணக்கு. மனித உயிருக்குக் காவலாக மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். அது செட்டைக் காக்காது, உங்களைக் காக்கும்.

எது காக்கும், எது காக்காது?

கடையில் ‘ஸ்பைக் கார்டு’ என்று கேட்டால் ஆறு ஓட்டை உள்ள ஒரு பெட்டியைக் கொடுப்பார்கள். அதில் பாதி வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். உண்மையான ஸ்பைக் கார்டுக்குள் வேரிஸ்டர் என்ற பட்டன் மாதிரியான பாகம் இருக்கும். அட்டையில் எத்தனை ஜூல் தாங்கும் என்று எழுதியிருக்கும். வோல்டேஜ் திடீரென்று எகிறினால் வேரிஸ்டர் அதை உள்ளே விடாமல் வேறு பாதைக்குத் திருப்பிவிடும். துத்தநாக ஆக்ஸைடால் ஆன இந்த வேரிஸ்டரை 1960களின் இறுதியில் உருவாக்கியது ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம். பர்மா பஜாரில் நம் ஊர்க்காரர்கள் தேடித் தேடி வாங்கிய நேஷனல் பானசோனிக் டேப் ரெக்கார்டரைச் செய்த அதே கம்பெனிதான்!

வேரிஸ்டருக்கும் எல்லை உண்டு. ஒவ்வோர் அதிர்ச்சியிலும் கொஞ்சம் தேயும். பல வருஷம் உழைத்த ஸ்பைக் கார்டு வெளியே பார்க்கப் புதிதாக இருந்தாலும் உள்ளே வெறும் டப்பாவாக இருக்கலாம். எர்த் இல்லாத வீட்டில் அதன் பலமும் பாதிதான். நியூட்ரல் கட் ஆகி 350 வோல்ட் தொடர்ந்து வந்தால் வேரிஸ்டர் சூடாகிக் கருகிவிடும். அது நொடிப்பொழுது அதிர்ச்சிக்கான காவலாளி, நீண்ட முற்றுகைக்கானது அல்ல.

நீண்ட முற்றுகைக்கு வேண்டியது ஓவர் வோல்டேஜ் ப்ரொடெக்டர். எம்.சி.பி. மாதிரியே மெயின் போர்டில் மாட்டலாம். சுமார் 270 வோல்ட்டைத் தாண்டினால் வீட்டின் இணைப்பையே துண்டித்துவிட்டு, வோல்டேஜ் சரியானபின் சில நிமிடம் கழித்துத் தானாகவே கொடுக்கும். நியூட்ரல் அடிக்கடி காலை வாரும் தெருக்களில், வீட்டில் உள்ள எல்லாப் பொருளுக்குமாகச் செய்யும் ஒரே செலவு இது. ஸ்டெபிலைசர் ஏ.சி.க்கும் ஃபிரிட்ஜுக்கும் சரி. மின்னல் வேகத்துக்கு அதன் ரிலே ஈடுகொடுக்காது. சாதாரண இன்வெர்ட்டரை நம்பியும் பயனில்லை. கரண்ட் இருக்கும்போது அது வருவதை அப்படியே உள்ளே அனுப்பிக்கொண்டுதான் இருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட உறுதியானது காசே செலவில்லாதது. ப்ளக்கைப் பிடுங்குவது! பவர் ப்ளக்கோடு கேபிள் டி.வி. வயரையும் சேர்த்து. ஆனால், அதை எப்போது செய்வது என்பதில்தான் உயிர் இருக்கிறது. இடி தலைக்கு மேலே வந்தபின் ஓடிப்போய்ப் பிடுங்கக் கூடாது. அந்த நேரத்தில் வயரைத் தொட்டுக்கொண்டிருப்பதே ஆபத்து. செட்டில் வயர் போட்டு மாட்டிய ஹெட்ஃபோனும் அப்போது காதில் இருக்கக் கூடாது. இந்தியாவில் 2022ல் மட்டும் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. செட் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

மின்னலைப் பார்த்ததும் எண்ண ஆரம்பியுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் சென்னைக்கு இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வரும். திருவள்ளூர் பக்கம் கறுக்கும்போதே பிடுங்கிவிட்டால் நிம்மதி. புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு மையத்தின் ‘தாமினி’ செயலி, உங்கள் இடத்தைச் சுற்றி 20 முதல் 40 கிலோமீட்டருக்குள் மின்னல் வாய்ப்பு இருந்தால் மொபைலிலேயே சொல்லிவிடும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து மறுபடி செருகலாம். கரண்ட் போய் வந்திருந்தால் முதலில் ஃபேன், பத்து நிமிடம் கழித்து செட்.

இத்தனைக்குப் பிறகும் போய்விட்டால்? வாரன்ட்டி அட்டையைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலான கம்பெனிகள் மின்னலையும் வோல்டேஜ் ஏற்றத்தாழ்வையும் வாரன்ட்டியில் சேர்ப்பதில்லை. வீட்டுக்கு எடுத்த தீ காப்பீட்டில் ‘மின்னல்’ என்ற வார்த்தை இருக்கும். ஆனால், ஷார்ட் சர்க்யூட்டாலோ அதிக வோல்டேஜாலோ கெட்டுப்போன அந்தக் குறிப்பிட்ட மின்சாதனத்துக்கு மட்டும் இழப்பீடு இல்லை என்ற விலக்கும் வழக்கமாகப் பொடி எழுத்தில் இருக்கும். காரணம் மின்னலாகவே இருந்தாலும் விலக்குதான். சாதனப் பழுதுக்கான கூடுதல் பாதுகாப்பு பாலிசியில் இருக்கிறதா என்று எடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும். தெருவில் ஃபேன்கள் ஒரு வீட்டில் வேகமாகவும் அடுத்த வீட்டில் மந்தமாகவும் சுற்றினால் அது நியூட்ரல் கோளாறு. மின்னகம் எண் 94987 94987ல் உடனே புகார் செய்து பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது உங்கள் வீட்டுக்கு மட்டுமான பிரச்னை அல்ல.

செட்டை வீட்டில் திறக்க வேண்டாம். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெரிய கெப்பாசிட்டர் 300 வோல்ட்டை உள்ளே வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். கடையில் திறந்ததும் மெக்கானிக்குக் கதை தெரிந்துவிடும். கெப்பாசிட்டர் உப்பி, வேரிஸ்டர் கருகி இருந்தால் பெரும்பாலும் ஹை வோல்டேஜ். ஃபியூஸ், வேரிஸ்டர், கெப்பாசிட்டர் என்று சில பாகங்களை மாற்றினால் பிழைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். பவர் சப்ளை நன்றாக இருந்து ஹெச்.டி.எம்.ஐ. பக்கம் மட்டும் செத்திருந்தால் சந்தேகம் மின்னல் மேல்தான். அந்த போர்டைத் தனியாகத் தேடிப் பிடிப்பது சிரமம்.

எது போனாலும் ஊஃபர் பெட்டியையும் ஸ்பீக்கர்களையும் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தனி ஆம்ப்ளிஃபயரோடு வரும் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் தப்பித்திருக்கும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். ‘டக்’ என்று சத்தம் வந்தால் அதற்கு உயிர் இருக்கிறது.